பழைய பிசியோ, கைரோ மெஷினை விற்கப் போகிறீர்களா? பாண்டி, கடலூர்க்காரர்களுக்கான காகித வழிகாட்டி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பிசியோ கிளினிக் தொடங்கியபோது நான் வாங்கிய முதல் டிராக்ஷன் டேபிள் (முதுகையும் கழுத்தையும் இழுத்துவிடும் மேஜை) பழையது. விற்றவர் தன் லெட்டர்பேடில், "டேபிள் ஒன்று, மெஷின் ஒன்று, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது. நாலு மாதம் கழித்து ஒரு கடன் நிறுவனத்தின் ஆள் வாசலில் வந்து நின்றார். அந்த மெஷின் மேல் ஆறு தவணை பாக்கியாம். என்னிடமிருந்த காகிதத்தில் சீரியல் எண்கூட இல்லை. "நீங்கள் தேடுவது வேறு மெஷின்" என்று சொல்லவும் வழியில்லை, "இதைத்தான் அவர் எனக்கு விற்றார்" என்று காட்டவும் வழியில்லை. கடைசியில் பாக்கியை நானே கட்டினேன்.

அதன் பிறகு மூன்று முறை வாங்கியிருக்கிறேன், இரண்டு முறை விற்றிருக்கிறேன். விலை பேசுவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். எது கை மாறியது, எந்த நிலையில், எந்த நேரத்தில் என்று எழுதுவதில்தான் கோட்டை விடுகிறோம். சண்டை வந்தால் இந்த மூன்றைத்தான் வக்கீலும் கேட்பார், போலீசும் கேட்கும்.

எனக்குத் தெரிந்து நம் பக்கம் கைரோ டேபிள் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்கான மேஜை) வைத்திருப்பவர்களில் பலர் பிசியோதெரபிஸ்ட்டுகள். ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், சும்மா விற்கக் கூடாதவற்றைத் தனியே ஒதுக்குங்கள்

எக்ஸ்ரே மெஷின் இருந்தால் அதை மற்ற பட்டியலில் சேர்க்காதீர்கள். அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்தின் கீழ் வருவது. அவர்களுடைய இலோரா தளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் கருவியை, அங்கே தெரிவித்து அனுமதி பெறாமல் கைமாற்ற முடியாது. வாங்குபவரும் தன் இடத்துக்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டும்.

அடுத்தது அல்ட்ராசவுண்டு. இங்கே ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இருப்பதால் குழப்பம். வயிற்றைப் படம் பிடிக்கும் ஸ்கேன் மெஷினைக் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையத்துக்கு மட்டுமே விற்கலாம். நாம் முதுகிலும் தோளிலும் தேய்க்கும் சிகிச்சை அல்ட்ராசவுண்டு படம் காட்டாது, அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் பட்டியலில் வெறுமனே "அல்ட்ராசவுண்டு 1" என்று எழுதிவிட்டு, வழியில் யாராவது வண்டியை நிறுத்திக் கேட்டால் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். "பிசியோதெரபி சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்டு, 1 மற்றும் 3 மெகாஹெர்ட்ஸ், படம் எடுக்கும் வசதி இல்லாதது" என்று முழுதாக எழுதுங்கள்.

வேலையே செய்யாத மெஷினை "ஸ்பேருக்கு ஆகும்" என்று சேர்த்துத் தள்ளிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் மருத்துவக் கருவிகளும் அடக்கம். செத்த மெஷினைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

மெஷின் உண்மையில் யாருடையது?

தன்னுடையது அல்லாததை ஒருவர் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை வராது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவின் அடிப்படை இதுதான். சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றை நம்பிப் பணம் போட வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றமும் ஆகும்.

அதனால் விற்பவரிடம் பழைய பில்லைக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால், முதலில் விற்ற டீலரிடம் நகல் கேட்கச் சொல்லுங்கள். சீரியல் எண்ணைச் சொன்னால் பல டீலர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். கடனில் வாங்கியதா என்று நேரடியாகக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கடன் முடிந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று இருக்க வேண்டும். அசையும் பொருள் மேல் வங்கிகள் வைக்கும் ஈட்டு உரிமைகளைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் இருக்கிறது. கட்டணம் கட்டி ஆன்லைனில் யாரும் தேடலாம். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் ஆறு தவணை மிச்சம்.

கையெழுத்துப் போடுபவருக்கு அதிகாரம் உண்டா என்பதும் இதோடு சேர்ந்தது. தனி உரிமையாளர் என்றால் சிக்கலில்லை. பங்குதாரர் நிறுவனம் என்றால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் தந்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் போர்டு தீர்மானத்தின் நகல். டாக்டர் காலமாகி அவர் மனைவி விற்கிறார் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். வாரிசுச் சான்றிதழில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். துக்க வீட்டில் காகிதம் கேட்பது சங்கடம்தான். ஆனால் வெளிநாட்டிலிருக்கும் மகன் பின்னால் வந்து, "அம்மாவை ஏமாற்றி அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்று சொல்வது அதைவிடச் சங்கடம்.

பட்டியல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஒப்பந்தத்தின் உயிர் பின்னிணைப்பாக வரும் பட்டியலில் இருக்கிறது. "பிசியோ உபகரணங்கள் மொத்தமாக" என்ற ஒரு வரி எதையும் காப்பாற்றாது. ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், வாங்கிய ஆண்டு, கூட வரும் சாமான்கள், இன்றைய நிலை, தனி விலை இவை வேண்டும். மொத்த விலை மட்டும் எழுதினால், பின்னால் ஒரு மெஷின் மட்டும் பிரச்சினையானால் எவ்வளவு திருப்பித் தருவது என்பதிலேயே சண்டை தொடங்கும்.

வலிக்கு மின்னோட்டம் கொடுக்கும் ஒரு கருவிக்கு நான் எழுதும் விதம் இப்படி:

"இன்டர்ஃபெரென்ஷியல் தெரபி யூனிட் 1. வாங்கிய ஆண்டு 2019. இரண்டு சேனல். இரண்டாவது சேனலின் வயரை அசைத்தால் மின்னோட்டம் விட்டுவிட்டு வருகிறது. எலக்ட்ரோடு 6, வயர் 2 ஜோடி, பெல்ட் 2. காலிப்ரேஷன் (அளவுத் துல்லியச் சோதனை) சான்று இல்லை. விலை ரூ. 9,000."

குறையை எழுதினால் விலை குறையும் என்று தயங்குவார்கள். குறையும்தான், கொஞ்சம். ஆனால் எழுதிய குறைக்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. தெரிந்தே மறைத்த குறை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் மோசடியாகிவிடும். அப்போது "உள்ளது உள்ளபடி விற்றேன்" என்ற வரிகூட உங்களைக் காப்பாற்றாது.

கைரோ டேபிளில் பார்க்க வேண்டியவை வேறு. கழுத்து, முதுகு, இடுப்பு என்று எத்தனை இடத்தில் டிராப் (அழுத்தினால் சட்டென்று கொஞ்சம் கீழே இறங்கும் பகுதி) இருக்கிறது, லீவரைத் தூக்கினால் நிற்கிறதா, எடை வைத்ததும் சரியாக விழுகிறதா, ஹைட்ராலிக்கில் எண்ணெய்க் கசிவு உண்டா, ரெக்ஸின் எங்கே கிழிந்திருக்கிறது, பெயர்ப்பலகையில் தாங்கும் எடை எவ்வளவு. டிராக்ஷனில் மோட்டார் சத்தமும் கயிறும். சிகிச்சை அல்ட்ராசவுண்டின் தலையில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழியிட்டுத் துள்ளினால் அலை வருகிறது என்று அர்த்தம். அது காலிப்ரேஷன் ஆகாது, ஆனாலும் வீடியோவில் பதிந்து வைக்க நல்ல காட்சி.

அப்புறம், நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வி: இந்த மெஷின் வெள்ளத்தில் நனைந்ததா? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் மழை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்று கடலூரும் பாண்டியும் பட்டது எல்லோருக்கும் தெரியும். முழங்கால் அளவு தண்ணீர் நின்ற கிளினிக்கில் தரையில் இருந்த டயத்தர்மி (வெப்ப சிகிச்சைக் கருவி), துடைத்து வெயிலில் வைத்த பிறகு ஓடும். ஆறு மாதம் கழித்து உள்ளே பச்சை பூத்து நின்றுவிடும். கடற்கரைக் காற்றின் உப்பு வேறு. ஒவ்வொரு மின்கருவிக்கும் எதிரே "தண்ணீரில் மூழ்கியது / மூழ்கவில்லை" என்று ஒரு கட்டம் போடுங்கள். விற்பவர் அதில் டிக் அடிக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும், சீரியல் எண் தெரியும்படியும், ஓடும்போது வீடியோவாகவும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எடுத்த போனைச் சீக்கிரம் மாற்றிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட, பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி அந்தக் கருவி பற்றிய சான்று தேவைப்படும்.

எந்தக் காகிதத்தில், என்ன எழுதுவது

அசையும் பொருளை வாய்மொழியாகக்கூட விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. சாட்சியும் நோட்டரியும் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சி இருப்பது நல்லது. இரு பக்கத்துக்கும் பொதுவான ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. மொழி தமிழாகவே இருக்கட்டும். கையெழுத்துப் போடுபவருக்குப் புரியாத இங்கிலீஷ் ஒப்பந்தத்தால் யாருக்கும் லாபமில்லை.

பொருள் விற்பனைக்கு மட்டுமேயான ஒப்பந்தத்துக்கு இந்திய முத்திரைச் சட்ட அட்டவணையின் 5-ஆம் இனத்தில் விலக்கு இருக்கிறது. ஆனாலும் தவணை, பழுதுபார்ப்பு என்று மற்ற நிபந்தனைகள் சேரும்போது அந்த விலக்கு வாதத்துக்கு உள்ளாகலாம். ஆவண எழுத்தரிடம் இன்றைய மதிப்பைக் கேட்டு முத்திரைத்தாளில் எழுதுவதே நிம்மதி. தலைப்பில் "விற்பனை ஒப்பந்தம்" என்று போடுங்கள். "கிரயப் பத்திரம்" என்று போட்டால் உரிமை மாற்ற ஆவணமாகப் பார்க்கப்பட்டு அதிக முத்திரைத்தீர்வை கேட்க இடம் கொடுக்கும். ஆறு மாதம் தாண்டிய முத்திரைத்தாள் செல்லாது என்பார்கள். அது பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான கெடு மட்டுமே என்று 2008-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் தேதியை முன்தேதியிட்டு எழுதும் வேலை மட்டும் வேண்டாம்.

இந்த மூன்று பத்திகள் இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. உரிமை பற்றி:

"பட்டியலில் கண்ட பொருட்கள் முழுவதும் எனக்கே சொந்தமானவை. இவற்றின் மீது வங்கிக் கடனோ, ஈடோ, நீதிமன்றத் தடையோ, வேறு யாருடைய கோரிக்கையோ இல்லை. பின்னால் அப்படி எழுந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவேன். தவறினால் அந்தப் பொருளுக்குப் பெற்ற தொகையைத் திருப்பித் தருவேன்."

நிலை பற்றி:

"இவை பயன்படுத்தப்பட்ட பொருட்கள் என்பதை அறிந்து, நானே இயக்கிப் பார்த்து, பட்டியலில் எழுதியுள்ள குறைகளோடு இன்றுள்ள நிலையில் வாங்கிக்கொள்கிறேன். பட்டியலில் எழுதியதைத் தவிர வேறு உத்தரவாதம் விற்பவர் தரவில்லை."

மூன்றாவது நேரம் பற்றியது. இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். குறிப்பிட்ட ஒரு பொருள் ஒப்படைக்கத் தயாராக இருந்தால், ஒப்பந்தம் ஆன கணத்திலேயே உரிமை வாங்குபவருக்குப் போய்விடும் என்கிறது விற்பனைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பணம் பிறகு தருவதாக இருந்தாலும், பொருள் இன்னும் விற்பவரின் அறையில் இருந்தாலும் அப்படித்தான். உரிமை எங்கோ, நஷ்டமும் அங்கே என்கிறது 26-ஆம் பிரிவு. வெள்ளிக்கிழமை கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை வண்டி, நடுவே சனிக்கிழமை மழையில் கிளினிக்குக்குள் தண்ணீர் புகுந்தால் நஷ்டம் வாங்கியவர் தலையில். எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் மட்டும் இது மாறும். ஆகவே:

"பொருட்கள் வாங்குபவரின் வண்டியில் ஏற்றப்பட்டு, ஒப்படைப்புச் சீட்டில் இருவரும் கையெழுத்திட்டு நேரம் குறிக்கும்வரை உரிமையும் நஷ்டப் பொறுப்பும் விற்பவருடையவை. அந்த நேரத்திலிருந்து வாங்குபவருடையவை."

தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். கடலூரோ புதுச்சேரியோ, வியாபாரத்தோடு தொடர்புள்ள ஊராக இருக்க வேண்டும்.

பணம்

வங்கி வழியே மட்டும். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். மெஷின் வாங்குபவர் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அந்தத் தொகை வருமான வரிக் கணக்கில் சொத்தின் விலையாகச் சேராது, தேய்மானமும் கிடைக்காது. "பாதி பில், பாதி கையில்" என்பவருக்கு இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

ரசீதில் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டுங்கள். தவணை என்றால், கடைசித் தவணை வரும்வரை உரிமை விற்பவரிடமே இருக்கும் என்று மேலே சொன்ன மூன்றாவது பத்தியை மாற்ற வேண்டும். நஷ்டப் பொறுப்பை மட்டும் ஒப்படைத்ததும் வாங்குபவருக்கு மாற்றிவிடலாம். பின்தேதியிட்ட காசோலை வாங்கினால், காசோலைக்கு ஆயுள் 3 மாதம் என்பது நினைவிருக்கட்டும். திரும்பினால், வங்கியின் தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

முள்ளோடை எல்லையைத் தாண்டினால் வேறு கணக்கு

பாண்டியிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. நமக்கு அது பக்கத்து ஊர். ஜிஎஸ்டிக்கு அது மாநிலம் விட்டு மாநிலம்.

நம் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதனால் பல கிளினிக்குகள் பதிவே எடுத்திருக்காது. ஆனால் மெஷினை விற்பது சிகிச்சை அல்ல, சரக்கு விற்பனை. ஜிஎஸ்டி சட்டத்தில் "வணிகம்" என்பதற்கான விளக்கத்திலேயே, தொழிலைத் தொடங்கும்போதும் மூடும்போதும் மூலதனப் பொருட்களை வாங்குவது விற்பது சேர்ந்திருக்கிறது. உள்மாநில விற்பனைக்கு, சேவை தரும் நம்மைப் போன்றவர்களுக்கு ஆண்டு வரம்பு 20 லட்சம். அந்த 20 லட்சத்தில் விலக்குள்ள சிகிச்சை வருமானமும் சேரும். கட்டணம் 18 லட்சம், மெஷின் விற்ற பணம் 3 லட்சம் என்றால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பதற்கோ 24-ஆம் பிரிவின்படி வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்கும். "வாங்குபவரே வந்து எடுத்துப் போகிறார், அதனால் உள்ளூர் விற்பனைதான்" என்ற சமாதானமும் பலவீனமானது. பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது, யார் தூக்கிப் போகிறார் என்பதை அல்ல.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் மாநிலத்துக்குள்ளேயே வாங்குபவர் கிடைத்தால் அதுவே எளிது. இல்லையென்றால் உங்கள் மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவுள்ள பழைய மெஷின் டீலருக்கு விற்றுவிடலாம், அவர் எல்லை தாண்டி பில் போடுவார். டீலரிடம் மருத்துவக் கருவி விற்பனைக்கான எம்டி-42 பதிவுச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரிப்படாவிட்டால் ஆடிட்டரிடம் போய், பதிவு எடுக்க வேண்டுமா என்பதற்கு மெயிலில் பதில் வாங்குங்கள். போனில் சொன்ன பதில் மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது யாருக்கும் நினைவிருக்காது.

வண்டி ஏற்றும்போது இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் புதுச்சேரிக்குள்ளேயே போனாலும் சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் தேவை, தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் வரம்பு 1 லட்சம். பதிவில்லாதவரும் அந்தத் தளத்தில் எடுக்கலாம், வண்டிக்காரரும் எடுக்கலாம். குட்டியானையில் தார்ப்பாய் போட்டு மூடிய பெரிய பெட்டிகளோடு ஆல்பேட்டை செக்போஸ்டுக்கு வந்தால் நிறுத்துவார்கள் என்பது பாண்டி ரோட்டில் போய்வரும் எவருக்கும் தெரியும். அவர்கள் தேடுவது பாட்டிலை. ஆனால் பெட்டியைத் திறந்த பிறகு காகிதம் கேட்பார்கள். ஒப்பந்த நகல், பட்டியல், பில், இ-வே பில் நான்கும் டிரைவர் கையில் இருக்கட்டும், உங்கள் போனில் அல்ல.

ஒப்படைக்கும் நாள்

முதலில் நோயாளிகளின் விவரங்களை அழியுங்கள். கம்ப்யூட்டரோடு வரும் நடை ஆய்வு, ஈஎம்ஜி (தசையின் மின்செயல்பாட்டைப் பதிவது) போன்ற கருவிகளில் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் இருக்கும். டெலீட் மட்டும் போதாது, டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வெறும் கருவியாகக் கொடுப்பது நல்லது. அழித்துவிட்டதை ஒப்படைப்புச் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

பிறகு பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டி டிக் அடித்து, வண்டியில் ஏற்றி, சீட்டில் தேதியும் நேரமும் வண்டி எண்ணும் எழுதி இருவரும் கையெழுத்து. சாவி, ரிமோட், மேனுவல், உத்தரவாத அட்டை எல்லாம் எண்ணிக் கொடுங்கள். என் அனுபவத்தில் மெஷினுக்காகச் சண்டை வருவதைவிட, கொடுக்காமல் விட்ட ஒரு கால் பெடலுக்காக வந்த சண்டைதான் அதிகம்.

அன்று மாலையே மூன்று வேலை. கிளினிக் இன்சூரன்ஸ் பாலிசியில் இந்த மெஷின்கள் இருந்தால் நீக்கச் சொல்லி மெயில். பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் சர்வீஸ் கம்பெனிக்கு உரிமையாளர் மாறியதாகத் தகவல். சொத்துப் பதிவேட்டில் விற்ற தேதியும் விலையும் குறித்து ஆடிட்டருக்கு நகல். தேய்மானம் எடுத்த மெஷின் என்பதால், விற்ற பணத்தை அந்த வகைச் சொத்துகளின் மொத்த மதிப்பிலிருந்து அவர் கழிக்க வேண்டியிருக்கும்.

விற்ற பொருளின் விலைக்கு வழக்குப் போட 3 வருடக் காலவரை என்றாலும், வரிக்கணக்குகள் அதற்கு மேலும் திறக்கப்படும். நான் இந்தக் காகிதங்களை எட்டு வருடம் வைத்திருக்கிறேன். அந்தப் பழைய லெட்டர்பேட் ரசீதையும்தான், அதே ஃபைலில், முதல் பக்கமாக.